சாவி இல்லாமல் காய்ச்சிய பால்

பொண்ணு வேலை மாறி பெங்களூரு போறா, வீடு பிடிக்க முடியாம புரோக்கர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறான்னு நம்ம குரூப்ல போட்டேன். ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்வீங்கன்னு பார்த்தா, ஆளாளுக்குக் கிளம்பிட்டீங்க. "நம்ம காலத்துல புரோக்கர்னா ஒரு வாக்கு, ஒரு நாணயம்." "அப்பெல்லாம் அக்ரிமென்டாவது ஒண்ணாவது, வாய் வார்த்தைதான்." ஒருத்தர் பெரிய கும்பிடு படம் வேற. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், அடுப்புல கொதிச்ச குழம்பை அப்படியே இறக்கி வச்சுட்டு உக்காந்துட்டேன். நம்ம காலமாம்! நாமெல்லாம் ஒரே வயசுக்காரங்கதானே, நான் மட்டும் வேற உலகத்துலயா வளர்ந்தேன்? அந்த வாய் வார்த்தை எங்க வீட்டை என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் கும்பிடுங்க.

எனக்கு அப்ப பதினொரு வயசு. தம்பி சின்னவன், இன்னும் பள்ளிக்கூடம் போகலை. மறையூர்ல இருந்து மூணாறுக்கு ஏறுற வழியில ஒரு தேயிலை எஸ்டேட்டு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையா வீடு, அதுக்குப் பேரு லயம். ஒரு வீடுன்னா ஒரு அறை. அதுலயே அடுப்பு, அதுலயே பாய், மழைக்காலத்துல காயாத துணியும் அதுலயே. கொழுந்து வாசனையும் விறகுப் புகையும் சேர்ந்து தலைமுடியில ஏறியிருக்கும், எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. அந்த வீடு அம்மா பேர்ல இருந்துச்சு. அம்மா கொழுந்து கிள்ற வேலையில பெர்மனென்ட். அப்பா எஸ்டேட் ஒர்க்‌ஷாப்ல கூப்பிட்டா போற ஆளு. பெர்மனென்டா இருக்கிறவங்களுக்குத்தான் வீடு. வேலையை விட்டா வீட்டையும் விடணும். அவ்வளவுதான் சட்டம்.

வீடு மாறுறதுன்னா எஸ்டேட்ல எப்படின்னு முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா எங்க அப்பா அம்மா ஏன் அப்படி ஏமாந்தாங்கன்னு உங்களுக்குப் புரியாது. ஒரு வீடு காலியானா, ஆளுங்களை வேலை வாங்குற கங்காணி வந்து, "அந்தக் கோடி வீடு உனக்கு"ன்னு சொல்வார். நல்ல நாள் பார்த்து அங்க போய்ப் பால் காய்ச்சிட்டு, ஒரு குடம் தண்ணியும் உப்பும் மஞ்சளும் வச்சுட்டு வந்துடுவோம். சாமானை ஒரு மாசம் கழிச்சுக்கூடக் கொண்டு போகலாம். கதவு சும்மா சாத்தியிருக்கும். ஆனா பால் காய்ச்சின வீட்டுல இன்னொருத்தர் கால் வைக்க மாட்டாங்க. எவ்வளவு சண்டைக்காரியா இருந்தாலும் வைக்க மாட்டா. அதுதான் எங்க பட்டா, அதுதான் எங்க பத்திரம்.

அந்த வருஷம் அப்பாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு இரும்புக் கம்பெனியில வேலை கிடைச்சுச்சு. நிரந்தர வேலை. அப்பாவுக்குத் தலைகால் புரியலை. பொண்டாட்டி பேர்ல இருக்கிற வீட்டுல இருக்கான்னு ஊருல யாரோ கேலி பண்ணிட்டாங்கன்னு ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புழுங்கிக்கிட்டிருந்தவரு. "இனிமே என் பேர்ல வீடு, என் சம்பாத்தியத்துல சோறு"ன்னு லயம் பூராவும் கேக்குற மாதிரி சொன்னார். அம்மா கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடுச்சு.

வீடு பார்க்க எங்களையும் கூட்டிக்கிட்டுப் போனார். மறையூர், உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ் மாறி மாறிப் போனோம். ஸ்வெட்டரோட ஏறின நாங்க பொள்ளாச்சியில ஸ்வெட்டரைக் கழட்டி, சித்தூர் தாண்டறதுக்குள்ள வேர்த்து ஒழுகிட்டோம். கஞ்சிக்கோட்டுல இறங்கினா காத்துன்னா காத்து, அப்படி ஒரு சூடு காத்து. பனை ஓலை சடசடன்னு அடிச்சுக்குது. கம்பெனிப் பக்கத்துல இருந்து இரும்பு காயுற வாடை. தம்பி என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, இங்க மலை எங்கே?"ன்னான்.

பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சுதான் புரோக்கருக்கு ஆபீஸ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, இடுப்புல பெரிய சாவிக்கொத்து. எங்களைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு, "வாங்க சார்"ன்னார். எங்க அப்பாவை அதுவரைக்கும் யாரும் சார்னு கூப்பிட்டதில்லை. எஸ்டேட்ல "ஏய் ஒர்க்‌ஷாப்பு"ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த ஒரு வார்த்தையில விழுந்த மனுஷன்தான், கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லை.

முதல்ல காட்டின வீட்டுல வீட்டுக்காரம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க. புரோக்கர் முந்திக்கிட்டு, "கம்பெனி ஸ்டாஃபுங்க"ன்னார். அம்மா வெகுளியா, "நாங்க எஸ்டேட்டுல இருந்து வாரோம், மறையூருக்கு மேல"ன்னுடுச்சு. அந்தம்மா அம்மாவோட கையைப் பார்த்தாங்க. கொழுந்து கிள்றவங்க கை எப்படி இருக்கும்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? விரல் நுனியில கறை ஏறிக் கருப்பா, வெடிச்சு வெடிச்சு இருக்கும். என்ன தேய்ச்சாலும் போகாது. "தோட்டத்து ஆளுகளுக்குக் குடுக்கறதில்லீங்க"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க.

தெருவுக்கு வந்ததும் புரோக்கர் மெதுவா சொன்னார். "அம்மிணி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அடுத்த ஊட்டுல கையை முந்தானைக்குள்ள வெச்சுக்குங்க. பேச்சு நான் பாத்துக்கறேன்."

அந்தக் கையிலதான் நாங்க சாப்பிட்டோம். அந்தக் கையிலதான் அப்பாவும் சாப்பிட்டார், வேலை இல்லாத மாசமெல்லாம். அவர் என்ன சொல்லியிருக்கணும்? "ஆமா, வச்சுக்கோ, அவுக சொல்லுத மாதிரி கேளு"ன்னார். அம்மா கையை முந்தானைக்குள்ள சுத்திக்கிச்சு. அன்னிக்குப் பூரா, கைக்குச் சூடு பட்டவ மாதிரி அப்படியே நடந்துச்சு. இதை எழுதும்போது எனக்கு இன்னும் பல்லு நறநறங்குது.

கடைசியாக் காட்டினதுதான் நீல ஜன்னல் வீடு. ஓட்டு வீடு, ரெண்டு அறை, கொல்லையில ராட்டினம் போட்ட கிணறு. அப்பா ஜன்னலைத் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தார். அம்மா நேரா அடுப்படிக்குப் போச்சு. தனி அடுப்படி, அதுக்குத் தனிக் கதவு, மேலே புகை போக வழி. முந்தானையில இருந்து கையை எடுத்து சுவரைத் தடவிப் பார்த்துச்சு. "இங்கன அம்மி. இங்கன தண்ணிக் குடம். ஏட்டி, நீ அந்த மூலையில உக்காந்து படிச்சுக்கலாம், புகையே வராது"ன்னு என்கிட்ட சொல்லுச்சு. அம்மா அப்படி வாயெல்லாம் பல்லாச் சிரிச்சு நான் பார்த்தது ரொம்பக் கொஞ்சம்.

புரோக்கருக்கு அது போதும். "ஏனுங்க சார், வைகாசி முடியப் போவுது. ஆனி, ஆடி ரெண்டும் குடி போக ஆகாது. அடுத்த வெசாளக்கெழமை நல்ல முகூர்த்தம். பாலை மட்டும் காச்சிப் போடுங்க. சாமானைச் சாவகாசமாக் கொண்டாங்க. ஊட்டுக்காரரு கோயமுத்தூர்ல இருக்காரு, நான் வெள்ளையடிச்சு வெக்கறேன்."

அம்மா கேட்டுச்சு, "சாவி?"

அவர் சிரிச்சார். "பால் காச்சுன ஊட்டுக்கு சாவி எதுக்குங் அம்மிணி?"

பார்த்தீங்களா? எங்க நம்பிக்கை என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதையே எடுத்து எங்களுக்கு வித்தார். எங்களுக்கு முன்னால எத்தனை எஸ்டேட் குடும்பத்தைப் பார்த்திருப்பார்!

அடுத்த வாரம் மறுபடி வந்தோம். மறையூர் பஸ் நிக்கிற இடத்துல அம்மா இறங்கி உருண்டை வெல்லம் வாங்குச்சு, பால்ல போடறதுக்கு. பஸ் பூரா அந்த வாசனை. கல்யாணத்துக்கு அம்மாவுக்குச் சீர் கொடுத்த பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு, துணியில சுத்தி, மடியில வச்சுக்கிட்டு வந்துச்சு. புரோக்கர் கொத்துல இருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். மூணு செங்கல்லை வச்சு அடுப்பு மூட்டினோம். பால் பொங்கி வாசல் பக்கமா வழிஞ்சது. வாசல் கிழக்கு. நான் வாசல் ஓரமா குத்த வச்சு உக்காந்திருந்தேன், என் பாவாடையில படப் போகுதுன்னு இழுத்துச் சுருட்டினேன். அதனாலதான் எனக்கு அவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு. குடத்துல தண்ணி நிரப்பி, உப்பும் மஞ்சளும் பக்கத்துல வச்சோம். புரோக்கரும் ஒரு டம்ளர் பால் குடிச்சார். "வெல்லம் அருமைங்க"ன்னார். அப்பாகிட்ட அட்வான்ஸை வாங்கிக்கிட்டு, கதவைப் பூட்டி சாவியைக் கொத்துலயே போட்டுக்கிட்டார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பினதும் வேலையை விடறதா எழுதிக் கொடுக்கணும்னு பேச்சு வந்துச்சு. கங்காணி நல்ல மனுஷன். வீட்டு வாசல்ல நின்னு சொன்னார். "ஏத்தா, பேரை இப்பமே வெட்டச் சொல்லாத. ரெண்டு மாசம் லீவு போடு. அங்கன போயி அடுப்பு எரிஞ்சப்புறம் எழுதிக் குடுக்கலாம். ஒருக்கா பேரு போச்சுன்னா மறுபடி சேக்க என்னால ஆகாது."

அம்மாவுக்கு அதுதான் மனசு. "ஏங்க, அவுக சொல்லுததுதான் சரி"ன்னுச்சு.

அப்பா கத்தினார். "பால் காச்சியாச்சு, அப்புறம் என்ன சந்தேகம்? ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னா எந்த வீடும் நெலைக்காது. உனக்கு என் சம்பாத்தியத்துல இருக்க இஷ்டம் இல்ல, அதைச் சொல்லு!"

அதுக்கு மேல ஒரு பொம்பளை என்ன பேசறது? மறுநாள் அம்மா பேரை வெட்டிட்டாங்க. எங்க வீட்டைக் கைக்குழந்தையோட காத்திருந்த ஒரு சோடிக்குக் கொடுத்துட்டாங்க. அம்மா கூடையைக் கழுவி, காய வச்சு, ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டு வந்துச்சு. வந்து ரொம்ப நேரம் கொழுந்துக் காட்டையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்ப மழை தூறிக்கிட்டிருந்துச்சு.

கோயமுத்தூருக்குத் தேயிலை ஏத்திக்கிட்டுப் போற லாரியில எங்க சாமானையும் போட்டு வந்தோம். நீல ஜன்னல் வீட்டு முன்னால லாரி நின்னுச்சு. கொடியில ஒரு கவுன் காயுது. அடுப்படியில இருந்து தேங்காயெண்ணெய்ல ஏதோ பொரியுற வாசனை. அப்பா, "வெள்ளையடிக்கிற ஆளு சமைக்கிறான் போல"ன்னார். பாவம், அப்படித்தான் நெனைச்சார்.

ஒரு அம்மா கரண்டியோட வெளியே வந்தாங்க. கெட்டவங்க இல்லை. எங்களையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "நாங்களும் பால் காச்சித்தானுங்க வந்தோம்"ன்னாங்க. அப்புறம் என்னமோ நெனைச்சுக்கிட்டு உள்ளே போனாங்க. திரும்பி வரும்போது ரெண்டு கையிலயும் ரெண்டு குடம். ஒண்ணு எங்க பித்தளைக் குடம். இன்னொண்ணு எவர்சில்வர். "வந்தப்ப உள்ள இருந்துதுங்க. இதுல உங்களுது எது?"ன்னு கேட்டாங்க.

அம்மா பித்தளைக் குடத்தை வாங்கிக்கிச்சு. எவர்சில்வர் குடத்தைப் பார்த்துச்சு. அப்பவே அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கணும். அப்பாவுக்குப் புரியலை, புரியவும் வேண்டாம்னுட்டார்.

டீக்கடையில இருந்து புரோக்கர் ஓடி வந்தார். ஒரு பதட்டம் கிடையாது. "அடடா, என்னங்க சார், அவசரப்பட்டுட்டீங்களே! சாவி கைக்கு வராம ஆராச்சும் சாமான் ஏத்துவாங்களா? ஊட்டுக்காரரு திடீர்னு அவருக்கு வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டாரு. நான் என்னங்க பண்றது?" வாங்கின அட்வான்ஸை அங்கேயே எடுத்து அப்பா கையில வச்சார். ஒரு பைசா குறையலை. அதைச் சொல்லிச் சொல்லியே அப்பா செத்தார், "காசைத் திருப்பிக் குடுத்துட்டாரே, யோக்கியன்"னு. ஆமா, காசைக் கொடுத்தார். அம்மா பேரை யார் திருப்பிக் கொடுப்பா? கங்காணியா கொடுப்பார்?

அதோட விட்டிருந்தாலும் போகுது. அப்பா முகம் மாறுறதைப் பார்த்துட்டு புரோக்கர் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னார். "சொல்லக் கூடாதுன்னு இருந்தனுங்க. அன்னிக்குப் பால் தெக்கால வழிஞ்சுது, ஆகாத தெசைங்க. நான் அப்பவே பாத்தேன். அம்மிணி மனசு சங்கடப்படுமேன்னுதான் சொல்லலை."

அப்பா அப்படியே அம்மா பக்கம் திரும்பினார். "நீதானடி அடுப்புகிட்ட நின்னே?"

எனக்குப் பொறுக்கலை. "இல்லப்பா, வாசப் பக்கம்தான் வழிஞ்சுது, என் பாவாடை..."ன்னு ஆரம்பிச்சேன். பளார்னு ஒரு அறை. நடுத்தெருவுல, லாரி டிரைவர், கரண்டி அம்மா, டீக்கடை ஆளுங்க எல்லார் முன்னாலயும். "பெரியவங்க பேசுறப்ப குறுக்க என்ன பேச்சு?"ன்னார். உண்மையைச் சொன்னதுக்கு வாங்கின முதல் அடி அது. வலி எப்பவோ போயிடுச்சு. ஆனா அந்தப் புரோக்கர், "பாவம், கொழந்தைய அடிக்காதீங்க சார்"னு என் தலையைத் தடவினார் பாருங்க, அதை நெனைச்சா இப்பவும் தலைக்குக் குளிக்கணும் போல இருக்கு.

சாமானோட தெருவுல நிக்கிறவன் எந்த வீட்டையும் வேண்டாம்னு சொல்ல மாட்டான். இது எனக்கு இந்த வயசுல புரியுது, அந்த ஆளுக்கு அப்பவே தெரிஞ்சிருந்தது. "எம்பட ஊட்டுக்குப் பின்னால நாலஞ்சு ரூம் கெடக்குது. தற்காலிகமா வாடகைக்கு இருந்துக்குங்க"ன்னார். மாட்டுக் கொட்டகையைத் தடுத்து அறையாக்கினது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தண்ணி தெளிச்சா தரையில இருந்து பழைய சாணி வாடை கிளம்பும். பகல்ல உள்ளே நிக்க முடியாது. தம்பிக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. தற்காலிகம்னு சொன்ன இடத்துல ஏழு வருஷம் இருந்தோம்.

ஒரு வாரம் கழிச்சுக் கிணத்தடியில அம்மா தண்ணி இறைச்சுக்கிட்டிருந்துச்சு. பக்கத்து அறைக்கார அக்கா, சித்தூர்ப் பக்கம், புருஷன் கள்ளு இறக்கிக்கிட்டிருந்தவரு, கம்பெனிக்குன்னு வந்தவங்க. அம்மாவோட பித்தளைக் குடத்தைப் பார்த்துட்டு, "ஏனுங்க்கா, இதை நீங்க நீல ஜன்னல் ஊட்டுல வெச்சிருந்தீங்களா? நாங்க பால் காச்சறப்ப மூலையில இருந்துது. ஆருதுன்னு கேட்டதுக்கு, ஊட்டுக்காரரோட குடம்னாரு புரோக்கரு. எம்பட எவர்சில்வர் குடம் அங்கேயேதான் கெடக்கும்"னாங்க.

அம்மா கயித்தை விட்டுடுச்சு. வாளி தொப்புன்னு உள்ளே விழுந்துச்சு.

"உனக்கு எந்தப் பக்கம் வழிஞ்சுதுன்னாரு?"

"தெக்காலதானுங்க. எம்பட மாமியா அதைச் சொல்லியே கொல்றாங்க."

கோடி அறையில இருந்தவங்களையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவங்க வேற ஒரு வீட்டுல பால் காய்ச்சினவங்க. அங்கேயும் தெக்காலதானாம். வீடு வேற, அடுப்பு வேற, பால் மட்டும் ஒரே பக்கம்! ஒவ்வொரு அறையிலயும் ஒரு பொம்பளை, வீடு போனதுக்குத் தன் கைதான் காரணம்னு பேச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. மூணு பேரும் கிணத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. முதல்ல அந்தச் சித்தூர் அக்கா சிரிச்சாங்க. அப்புறம் அம்மா சிரிச்சுச்சு. சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துடுச்சு.

சாயங்காலம் அப்பாகிட்ட சொல்லுச்சு. சரி, இப்பவாவது புத்தி வரும்னு நான் பார்த்துக்கிட்டிருந்தேன். "எல்லாருக்கும் தெக்க வழிஞ்சிருக்குன்னா இந்த ஊரு தரையே தெக்குச் சரிவா இருக்கும்"ன்னார். சொல்லிட்டுச் சோத்தைப் பிசைஞ்சார்! தான் ஏமாந்தோம்னு ஒத்துக்கிறதுக்கு பூமியையே சாய்ச்சுட்டார் மனுஷன்.

அம்மா ஒரு நாள் தனியா மலைக்குப் போச்சு, வேலை கேட்க. கங்காணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாராம். தற்காலிகமா வேணும்னா வா, வீடு கிடையாதுன்னுட்டாராம். எங்க வீட்டுல இருந்த அந்தக் கைக்குழந்தைக்காரி, "உள்ள வாங்கக்கா"ன்னு கூப்பிட்டிருக்கா. அம்மா உள்ளே போகலை. மத்தவ பால் காய்ச்சின வீடு இல்லையா? வாசல்லயே நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துடுச்சு.

ஆனி போச்சு, ஆடி போச்சு. ஆவணி பொறந்ததும் புரோக்கருக்கு சீசன். ஒரு நாள் காலையில எங்க அறை வாசல்ல வந்து நின்னார். ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு பால் காய்ச்சப் போறா, மாசமா இருக்கா, துணைக்குப் பெரியவங்க யாரும் இல்லை, "அம்மிணி கொஞ்சம் கூட நின்னு அடுப்பை மூட்டிக் குடுங்க, உங்க கை ராசிக்கு"ன்னார்.

கை ராசியாம்! முந்தானைக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொன்ன கை.

அம்மா முகம் கழுவிப் பொட்டு வச்சுக்கிட்டுக் கிளம்புச்சு. நானும் கூடப் போனேன். அந்தப் பொண்ணுக்கு இருபது வயசுகூட இருக்காது, மறையூர்ல கரும்பு வெட்டுற குடும்பம். புருஷனும் அப்படித்தான், மீசை இப்பத்தான் முளைச்ச மாதிரி. செங்கல் வச்சாச்சு, பால் ஊத்தியாச்சு, சுள்ளி அடுக்கியாச்சு. தீப்பெட்டி அம்மா கையில.

புரோக்கர் வாட்சைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போவுதுங்க. பத்த வைங்க."

அம்மா அடுப்புக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்துச்சு. தீப்பெட்டியை முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. "சாவி எங்க?"

"அம்மிணி, என்னங்க இது..."

"சாவியை இந்தப் புள்ள கையில குடுங்க. குடுத்தாத்தான் பத்த வைப்பேன்."

"வெள்ளையடிக்கணுமுங்க, ஊட்டுக்காரரு வரோணும்..."

"வரட்டும். அவுக வந்தப்புறம் காச்சுதோம்."

"நேரம் போவுதுங்க!"

"போகட்டும். எனக்குப் போனது பூரா நல்ல நேரத்துலதான் போச்சு."

பொண்ணு மிரண்டு போய் புருஷனைப் பார்த்தா. "ஆமாங்க, சாவி குடுத்துருங்க"ன்னான் அவன். வாசல்ல சித்தூர் அக்காவும் கோடி அறைக்காரங்களும் வந்து நின்னாங்க. அம்மா சொல்லிவிட்டிருக்கும் போல. எத்தனை பேரை நேரம் போகுது நேரம் போகுதுன்னே விரட்டியிருப்பார், இப்ப அவர் வாட்சே அவரை விரட்டுச்சு. பால் காய்ச்சாம எல்லாரும் எந்திரிச்சுப் போனா சகுனத் தடைன்னு ஊருக்குள்ள பேச்சாயிடும், அப்புறம் அந்த வீடு யாருக்கும் போகாது. கொத்துல இருந்து சாவியைக் கழட்டி அந்தப் பொண்ணு உள்ளங்கையில வச்சார். அம்மா தீக்குச்சியைக் கிழிச்சுச்சு. பால் எந்தப் பக்கம் வழிஞ்சதுன்னு நாங்க யாரும் பார்க்கலை.

அன்னிக்குச் சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்கன்னுட்டார் புரோக்கர். அப்பா வந்து குதிச்சார் பாருங்க ஒரு குதி. சோறு போட்ட கையைக் கடிச்சிட்டியாம், ஆபத்துக்கு உதவினவரை அவமானப்படுத்திட்டியாம். வா, வந்து மன்னிப்புக் கேளுன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனார். புரோக்கர் வீட்டு முற்றத்துல, அவர் நாற்காலியில உக்காந்திருக்க, அம்மா நின்னுக்கிட்டுக் கேட்டுச்சு. "தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க." அவர் உடனே மன்னிச்சுட்டார், பெருந்தன்மை! "பரவால்லீங்க. எஸ்டேட்காரவங்க, வெவரம் பத்தாது"ன்னார். அப்பா ஆமா ஆமான்னு தலையாட்டினார். சரி, அறையிலயே இருந்துக்குங்கன்னுட்டார் புரோக்கர். என் கல்யாணப் பத்திரிகையை முதல்ல கொண்டு போய் வச்சதே அந்த ஆளு காலடியிலதான். எங்க அப்பாதான் வச்சார், வேற யாரு?

திரும்பி வந்ததும் அம்மா கிணத்தடிக்குப் போச்சு. நான் பின்னாலயே போனேன்.

"ஏம்மா மன்னிப்புக் கேட்டே? உன் மேல என்ன தப்பு?"

"ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு எந்தத் தெருவுல போயி நிக்க? கேட்டேன். வாய்தானே கேட்டுச்சு."

"அப்ப அவர்தானேம்மா ஜெயிச்சார்?"

அம்மா வாளியைக் கீழே வச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. "அந்தப் புள்ள சாவிய இடுப்புல சொருகுனாள்ல, நீ பாத்தேல்ல? என் மன்னிப்பை வச்சு அதை அவனால திருப்பி வாங்க முடியுமாட்டி?"

முடியாதுன்னேன்.

"அப்பப் பேசாம தண்ணிய எற"ன்னுச்சு.